ஓட்டம் ஒத்துவராது என்பவர்களுக்கு

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும், "சுகர் இருக்கு", "முட்டி தேஞ்சிருச்சு", "இடுப்பு புடிச்சிருக்கு" என்று சொல்லி வாசல் திண்ணையோடு இருந்துவிட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் மதினிமாருக்கும்,



விடியற்காலையில் குந்துகால் ரோட்டில் ஒருவன் காலை இழுத்து இழுத்து ஓடுவதை நீங்கள் டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்திருப்பீர்கள். "யாரு தம்பி வெரட்டுறா?" என்று கேட்டும் இருப்பீர்கள். அது நான்தான். என் இடது கணுக்காலில் பிளேட்டும் ஸ்க்ரூவும் இருக்கின்றன. போட்டில் வின்ச் கயிறு சுற்றி இழுத்ததில் உடைந்த கால். அதனால் பாதம் நேராக விழாது, வெளிப்பக்கம் சாய்ந்துதான் விழும். என் ஓட்டத்தைவிட வேகமாக நடக்கிற ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை.

"நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டால் ஆண், பெண், வயது என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வருகிறது: "நமக்கெல்லாம் ஓட்டம் ஒத்துவராதுப்பா." இந்தப் பதிலோடு வாதாடத்தான் இந்த மடல்.

முதலில், "கடல்ல பாக்காத வேலையா? அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்கிற பேச்சுக்கு வருகிறேன். நம் அப்பாக்கள் காலத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. பாய் ஏற்றி, துடுப்பு வலித்து, கையால் வலை இழுத்த காலம் அது. இன்று போட்டில் இன்ஜின் இருக்கிறது, வலை இழுக்க வின்ச் இருக்கிறது. வள்ளத்திலும் மோட்டார் வந்துவிட்டது. வேலை கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டு, ஆடுகிற தளத்தில் நின்று, குனிந்து மீன் பிரித்து, டீசல் புகையைக் குடித்துவிட்டு வருகிறோம். அது முதுகையும் முட்டியையும் தேய்க்கிறது. ஆனால் இருதயமும் நுரையீரலும் விடாமல் அரைமணி நேரம் உழைக்கும்படியான வேலை அதில் குறைந்துபோனது. அப்புறம் ஐம்பது வயதில் ஒருநாள் கரையேறிவிடுகிறோம். சாப்பாடு மட்டும் கடலுக்குப் போன காலத்துச் சாப்பாடாகவே இருக்கிறது. சுகர் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசிக்கிறோம்.

முட்டி போனவர், சுகர் உள்ளவர் ஓடலாமா என்று கேட்டால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார். மா. சுப்பிரமணியன். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்தவர், 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். அரசியலில் உங்களுக்கு அவரைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அதை ஓரமாக வையுங்கள். 2004-இல் நடந்த சாலை விபத்தில் அவருடைய கால் மூட்டு நொறுங்கிப்போனது. இனிமேல் ஓடுவதெல்லாம் நடக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் பல வருடமாகச் சர்க்கரை. அந்த மனிதர் நடையில் தொடங்கி, யோகாவுக்குப் போய், ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேல் அரை மாரத்தான் ஓடி முடித்திருக்கிறார். ஓர் அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டர். பாம்பன் ரோட்டுப் பாலம் 2.3 கிலோமீட்டர் நீளம். அதில் ஒன்பது தடவை குறுக்கே ஓடினால்தான் ஓர் அரை மாரத்தான் கணக்கு வரும்.

அவர் வேகமாக ஓடிப் பரிசு வாங்கியதாக யாரும் சொல்லவில்லை. நமக்கு உதவுகிற பாடமும் அங்கேதான் இருக்கிறது. உடைந்த மூட்டுக்கு எவ்வளவு வேகம் தாங்குமோ அந்த வேகத்தில், எத்தனை வருடம் ஆனாலும், விடாமல் ஓடினார். அமைச்சர் ஓடினால் கூடவே நாலு பேர் ஓடுவார்கள், முன்னால் ரோடு காலியாக இருக்கும். நம்மை நாய்தான் துரத்தும் என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. உண்மைதான். ஆனால் அவர் ஓட ஆரம்பித்தபோது அமைச்சராக இல்லை. மூட்டு வலிக்கும்போது பதவி வந்து தாங்கிப் பிடிக்கப்போவதும் இல்லை.

அவருடைய துறைதான் 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை 38 மாவட்டங்களிலும் தொடங்கியது. 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அளந்து கொடுப்பது திட்டம். நல்ல காரியம். ஆனால் நம் தீவில் அளந்து கொடுக்காமலே பாதை கிடக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

"ஓடினா முட்டி தேயும்" என்கிற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உடல் நலத்துக்காக மட்டும் ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிற வீரர்களில் 13.3 சதவீதம். இதில் ஓட்டம்தான் முட்டியைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது; நல்ல முட்டி உள்ளவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஏற்கெனவே தேய்ந்த முட்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தவும் பொருந்தாது. ஆனால் அளவாக ஓடினால் முட்டி போய்விடும் என்கிற திண்ணைத் தீர்ப்புக்கு இதில் ஆதாரம் கிடையாது. முட்டியைத் தாங்குவது தொடைச் சதை. உட்கார்ந்தே இருந்தால் முதலில் கரைவது அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு புது விஷயம் உண்டு. ஊனமுற்றவர்கள், நீண்டகால நோய் உள்ளவர்கள் எவ்வளவு உடற்பயிற்சி செய்யலாம் என்று அதில்தான் முதல்முறையாகத் தனியாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது அதில் பாதி நேரம் கடுமையான பயிற்சி. அவ்வளவு முடியாவிட்டால் முடிந்த அளவு. கொஞ்சம் செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்கிறார்கள்.

இனி சுகர் உள்ளவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். இந்தத் தீவில் கால் விரல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். சர்க்கரை பல வருடம் ஏறி நின்றால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். கருவேல முள் ஏறினாலும் தெரியாது, சிப்பி கிழித்தாலும் தெரியாது. சாயங்காலம் கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். இதைச் சோதிக்க டாக்டர்கள் வைத்திருக்கிற சாமானைப் பார்த்தால் சிரிப்பீர்கள். நம் தங்கூசி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, ஒரு கைப்பிடியில் செருகியிருக்கும். உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் பெருவிரல் அடியில், பாதத்தின் மேட்டில் என்று அங்கங்கே அந்த நுனியை வைத்து, இழை லேசாக வளைகிற வரை அழுத்துவார்கள். தொட்டது தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் நல்லது. தெரியவில்லை என்றால் ஓட்டத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது "காலுக்கு அந்த நரம்பு டெஸ்ட் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு நிமிடத்து வேலை. 2022-இல் திறந்த இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

பாதத்தில் ஆறாத புண் இருந்தால் ஓடவே கூடாது. அது ஆறும் வரை கைக்கும் தோளுக்கும் மட்டும் பயிற்சி. புண் இல்லாவிட்டாலும் வெறுங்காலோடு மணலில் ஓடுகிற வீரம் சுகர்காரர்களுக்கு வேண்டாம். விரல் நெருக்காத ஷூ, தையல் உறுத்தாத சாக்ஸ். போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள், உள்ளே கல் கிடந்தால் உங்கள் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஓடி முடித்து வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் பேத்தியைக் கூப்பிடலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோ கொஞ்சம் சீனியோ இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நெஞ்சில் ஒருமுறை அடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், மாடிப்படி ஏறினாலே நெஞ்சு இறுகுகிறவர்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் ஓட வேண்டாம். எனக்கு ஓட்டத்தின் மேல் எவ்வளவு பைத்தியம் இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சங்கு குளித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயிலோ சிலிண்டரிலோ காற்று வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் ஆழத்தில் இறங்கியவர்களுக்கு, அழுத்தம் மாறி மாறி ரத்த ஓட்டம் கெட்டு, இடுப்பு எலும்பின் பந்தும் தோள் எலும்பும் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிற ஒரு நோய் உண்டு. ஆரம்பத்தில் வலி தெரியாது. தொடை இடுக்கில் வலி, கால் அகட்டினால் குத்தல் என்று இருந்தால், "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். செத்த எலும்பின் மேல் ஓடினால் பந்து நொறுங்கிவிடும். உங்களுக்கு ஓட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதில் நான் டாக்டர் பக்கம்.

பாசி எடுக்கப் போகிற அக்காமார், உங்களிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. விரல் முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு, பார் கிழித்த காலோடு, மூச்சைப் பிடித்து முங்கி எழுகிற உங்களுக்கு நான் என்ன மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது? நுரையீரலில் நீங்கள் எல்லோரையும்விட மேலே இருப்பீர்கள். உங்கள் குறை வேறு இடத்தில்: குத்தவைத்து உட்கார்ந்து உட்கார்ந்து முட்டியும், குனிந்து குனிந்து இடுப்பும். தொழிலை விட்டவர்களுக்கு அதோடு எடையும். "பொம்பளை ரோட்ல ஓடினா ஊர் என்ன சொல்லும்" என்பதுதான் உங்களில் பலருக்கு உண்மையான முட்டிவலி. ஊர் சொல்லத்தான் செய்யும். என்னையும் சொன்னது. தலையில் பாசிச் சாக்கோடு நீங்கள் நடந்து போனபோது உதவிக்கு வராத ஊர், நீங்கள் ஷூ போட்டு நடந்தால் மட்டும் கவலைப்படுவானேன்? நாலு பேராகச் சேர்ந்து வாருங்கள். நைட்டியோ சேலையோ, தடுக்கிவிடாமல் இருந்தால் போதும்.

எப்படித் தொடங்குவது? நம்மிடம் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். ஒன்றுமே ஓடாத ஆளை 5 கிலோமீட்டர் ஓடவைக்க ஜோஷ் கிளார்க் என்கிற அமெரிக்கர் 1996-இல் ஓர் அட்டவணை போட்டார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அதைப் பிடித்துத்தான் ஓட ஆரம்பித்தார்கள். அது 9 வாரம். நம் தடைக்காலத்தை அளந்து வைத்த மாதிரி! வாரத்தில் மூன்று நாள்தான். முதல் வாரம், ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி மாற்றி மாற்றி இருபது நிமிடம். அவ்வளவுதான். வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டி நடையைச் சுருக்க வேண்டும். மூட்டு பழுதானவர்கள் அந்த 9 வாரத்தை 18 வாரமாக்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நடையைக் கடைசி வரை விடாமலே வைத்துக்கொள்ளலாம்; 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே என்பவரே ஓட்டத்தின் நடுவே நடக்கச் சொல்லித்தான் பெரிய கூட்டத்தை மாரத்தான் ஓடவைத்தார். ஆறு மாதம் கரையில் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியதும் முழு வேகத்தில் திருகுவீர்களா? உடம்புக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சதை வலித்தால் இரண்டு நாளில் போய்விடும், அதற்குப் பயப்படாதீர்கள். மூட்டு வீங்கினால், ராத்திரி தூக்கத்தில் வலித்தால், மறுநாள் வலி கூடினால் நிறுத்த வேண்டும். என் கணுக்காலுக்கு மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. வாடைக்காற்று அடிக்கிற மார்கழியில் நான் பாதி தூரம் நடையாகவே போவேன்.

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லோருக்கும் பாலத்தில் ஓட ஆசை. 1988-இல் திறந்ததிலிருந்து அது நமக்குப் பெருமை, அந்தக் கரை போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், கணக்குக்கும் வசதி. ஆனால் நடுவில் மேடு. ஏறுவதைவிட இறங்குவதுதான் பழுதான முட்டியை அதிகம் அடிக்கும். டூரிஸ்ட் வண்டிகள் படம் எடுக்க நினைத்த இடத்தில் நிற்கின்றன. காற்று வேறு. பழைய ரயில் பாலத்தில் 58 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? முட்டிக்காரர்களுக்குப் பாலம் கடைசியில். குந்துகால் ரோடு சமதளம், வண்டியும் குறைவு. அங்கே தொடங்குங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். களைத்த பிறகு எதிர்காற்று கிடைத்தால் அன்றோடு ஓட்டத்தை வெறுத்துவிடுவீர்கள். கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கால் புதைகிற மணல் குதிகால் நரம்பை இழுக்கும், ஈரமணல் கடலைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் குட்டையாகிப் போனவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நெடுஞ்சாலையில் ஓடுவதாக இருந்தால் வண்டி வருகிற திசையைப் பார்த்து, வெளிச்ச நிறச் சட்டையில் ஓடுங்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஃபௌஜா சிங் என்று ஒரு பஞ்சாபித் தாத்தா இருந்தார். சின்ன வயதில் கால் வலுவில்லாமல் ஐந்து வயது வரை நடக்காத பிள்ளை. மகன் இறந்த துக்கத்தில் வயதான காலத்தில் ஓட ஆரம்பித்து, 2000-இல் 89 வயதில் லண்டன் மாரத்தான் ஓடினார். 2011-இல் டொரன்டோவில் நூறு வயதில் முழு மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் அதை ஏற்கவில்லை. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். வயதும் பலவீனமும் தோற்கடிக்காத அந்த மனிதர் 2025 ஜூலையில், ஜலந்தர் பக்கம் சொந்த ஊர்ச் சாலையில் கார் மோதித்தான் இறந்தார்.

எவ்வளவு சொன்னாலும் சிலருக்கு ஓட்டம் உண்மையிலேயே முடியாது. அவர்களுக்கு நான் ஓட்டத்தைத் திணிக்கப்போவதில்லை. நம் வாசலில் கடல் இருக்கிறது. தண்ணீரில் உடம்பின் எடை முழுவதும் மூட்டில் இறங்காது. 2022 மார்ச் 20 அன்று ஜியா ராய் என்கிற 13 வயதுப் பெண், ஆட்டிசம் உள்ள பிள்ளை, தலைமன்னாரிலிருந்து நம் தனுஷ்கோடி வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கரையேறினாள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் நடந்தாலே போதும். பாலத்துக்குக் கீழே இழுப்பு இருக்கிற பக்கம் மட்டும் இறங்காதீர்கள், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிஸியோதெரபி உண்டு. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் கேட்டு வாங்குங்கள். கேட்காதவர்களுக்கு மாத்திரை மட்டும்தான் வரும்.

வருகிற ஏப்ரல் 15, தடைக்காலத்தின் முதல் நாள், காலை ஐந்தரைக்குக் குந்துகால் ரோடு பிரிகிற முனையில் நிற்பேன். வெயில் ஏறும் முன் ஆறரைக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அதற்கு முன்னால் சுகர், பிரஷர் பார்த்துவிட்டு, பாத டெஸ்டும் எடுத்துவிட்டு வாருங்கள். மாத்திரைச் சீட்டு, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சீனி கையில் இருக்கட்டும். காசு இல்லாமல் ஷூ வாங்க முடியாதவர்கள் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள், நாலு பேரிடம் கேட்டு ஏற்பாடு செய்யலாம். டீக்கடைப் பெஞ்சுக்காரர்களும் வரலாம். டீ அன்றைக்கு என் செலவு.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பாம்பன்.